தென்னாப்பிரிக்கக் கட்சிகள் எதில் எந்தப் பக்கம்? ஓட்டுப் போடும் முன் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தேர்தல் நெருங்கினால் டர்பனில் விளக்குக் கம்பத்துக்கு நாலைந்து தட்டிகள் ஏறிவிடும். ஒரு முகம், ஒரு நிறம், வேலை, பாதுகாப்பு, மாற்றம் என்று இரண்டொரு சொல். அதைப் பார்த்து எந்தக் கட்சி எதில் எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் கல்யாணப் பந்தியில் கேட்டால், ‘அவங்க நம்ம பக்கம்’, ‘இவங்க நமக்கு ஆகாது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த விஷயத்தில் நம்ம பக்கம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது.

அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விக்குத்தான் இந்த வழிகாட்டி. யாருக்கு ஓட்டு என்று இதில் சொல்லப்போவதில்லை. ஒரு கட்சி சொன்னதையும் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை.

இங்கே தமிழ் படிக்கிறவர்கள் இரண்டு வகை. 1860-ல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த கவண்டர், பிள்ளை, மூட்லி, படையாச்சி குடும்பங்கள் ஒன்று. 1994-க்குப் பிறகு வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் குடியேறியவர்கள் இன்னொன்று. ஒரே சட்டம் இந்த இரண்டு பேரையும் வேறுவேறு விதமாகத் தொடும். எங்கே அப்படித் தொடுகிறது என்று போகப்போகச் சொல்கிறேன்.

படி 1: யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஓட்டு, 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கி, இந்திய பாஸ்போர்ட்டை இன்னும் கையில் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. வரி கட்டுவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு.

மூன்று அடுக்கு ஆட்சி. வருமான வரி, வாட், நிலச் சட்டம், வேலை ஒதுக்கீடு, குடியேற்றம், போலீஸ் ஆகியவை பெரும்பாலும் மத்திய அரசின் கையில். அரசு மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் அன்றாடம் நடத்துவது மாகாணம். குழாய்த் தண்ணீர், குப்பை, வீட்டு வரி, தெருவிளக்கு, மின் கட்டணத்தின் கடைசிக் கணக்கு எல்லாம் மாநகராட்சி.

இதைப் பிரிக்காவிட்டால் ஏமாறுவது சுலபம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அந்தப் பக்கத்து வீடுகள் மாதக்கணக்கில் குழாயில் ஒரு சொட்டு இல்லாமல் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றன. அந்த ஊரில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கிறவர் மேடையில் மரண தண்டனையைப் பற்றியே முழங்கிக்கொண்டிருந்தால், அவர் கையில் இல்லாத ஒன்றைப் பேசிக் கையில் வரப்போகிற ஒன்றிலிருந்து நழுவுகிறார் என்று அர்த்தம்.

டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சி மன்றத்துக்கு 2021-ல் 222 இடங்கள். 111 வார்டுகளிலிருந்து நேரடியாக, மற்றவை கட்சிப் பட்டியலிலிருந்து. அதனால் மாநகராட்சித் தேர்தலில் இரண்டு சீட்டு கிடைக்கும். வார்டுக்கு ஒருவர், பட்டியலுக்கு வேறு கட்சி என்று பிரித்துப் போடலாம். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை.

படி 2: பலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

2024 மே 29 தேர்தலில் நாடாளுமன்றத்தின் 400 இடங்களில் ஏஎன்சிக்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 159, டிஏவுக்கு (டெமாக்ரடிக் அலையன்ஸ்) 87, ஜேக்கப் ஜூமாவின் எம்கே கட்சிக்கு 58, ஜூலியஸ் மலேமாவின் இஎஃப்எஃப்புக்கு (எகனாமிக் ஃப்ரீடம் ஃபைட்டர்ஸ்) 39, ஐஎஃப்பிக்கு (இன்காத்தா ஃப்ரீடம் பார்ட்டி) 17, கேட்டன் மெக்கென்சியின் பிஏவுக்கு (பேட்ரியாட்டிக் அலையன்ஸ்) 9. எஃப்எஃப் பிளஸ், ஆக்‌ஷன்எஸ்ஏ இரண்டுக்கும் ஆறு ஆறு. மீதிச் சின்னக் கட்சிகளையும் சேர்த்தால் மொத்தம் 18 கட்சிகள். 1994-லிருந்து பெரும்பான்மையோடு ஆண்ட ஏஎன்சி முதல்முறையாக அதை இழந்து, டிஏ, ஐஎஃப்பி, பிஏ உள்ளிட்ட பத்துக் கட்சிகளின் தேசிய ஐக்கிய அரசாங்கத்தை அமைத்தது.

குவாசூலு-நடாலில் கதை வேறு. அங்கே 80 இடங்களில் எம்கே 37 பிடித்து முதலிடத்தில் வந்தது. ஆனாலும் ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ, என்எஃப்பி (நேஷனல் ஃப்ரீடம் பார்ட்டி) நான்கும் சேர்ந்து 41 என்ற மயிரிழைக் கணக்கில் ஆட்சியமைத்தன.

இந்த எண்களை எதற்கு எழுதச் சொல்கிறேன் என்றால், ஒரு வாக்குறுதியைக் கேட்டதும் ‘இதற்கு எத்தனை ஓட்டு வேண்டும்?’ என்று கேட்கப் பழக வேண்டும். சாதாரணச் சட்டத்துக்குப் பாதிக்கு மேல். அடிப்படை உரிமைகளைத் திருத்த 267 பேரும், கூடவே ஒன்பது மாகாணங்களில் ஆறும். 58 இடம் வைத்திருக்கும் கட்சி அரசியல் சட்டத்தையே மாற்றுவேன் என்றால் அது அதன் கொள்கை. நாளைக் காலையில் நடக்கப்போகிற காரியமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

மைனாரிட்டி ஃப்ரன்ட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1993-ல் அமிசந்த் ராஜ்பன்சி தொடங்கிய அந்தக் கட்சி, இந்தியர்களின் குரல் என்ற ஒரே அடையாளத்தில் 1999-லிருந்து பதினைந்து வருடம் நாடாளுமன்றத்தில் ஓரிரு இடத்தோடு இருந்தது. 2014-ல் அது போயிற்று, 2024-ல் மாகாணச் சபை இடமும் போயிற்று. ‘நம்ம கட்சி’ என்று போட்டவர்களிடம் வாட் விஷயத்திலோ நில விஷயத்திலோ அதன் நிலைப்பாடு என்ன என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டில் இருக்கிற சங்கடம் இது.

படி 3: ஒரு கோடு போதாது, இரண்டு கோடு போடுங்கள்

தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் இங்கிலாந்துச் செய்தி படிப்பவர்களுக்கும் இடதுசாரி, வலதுசாரி என்று ஒரே கோட்டில் எல்லோரையும் நிறுத்தும் பழக்கம் இருக்கும். இங்கே அது வேலைக்காகாது.

நோட்டில் குறுக்கே ஒரு கோடு: பொருளாதாரம். இடது முனையில் எல்லாம் அரசின் கையில், வலது முனையில் எல்லாம் சந்தையின் கையில். அப்புறம் மேலிருந்து கீழே ஒரு கோடு: சமூக விஷயங்கள். மேலே தனிமனித விருப்பத்துக்கு விட்டுவிடுவது, கீழே மதமும் மரபும் சொல்வதைச் சட்டமாக்குவது.

இப்போது கட்சிகளை வையுங்கள். இஎஃப்எஃப் குறுக்குக் கோட்டில் இடது ஓரம்: சுரங்கங்களும் வங்கிகளும் அரசுடைமை, நிலம் முழுக்க அரசின் பொறுப்பில். ஆனால் நெடுக்குக் கோட்டில் அது மேலே இருக்கிறது. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காக 2023-ல் உகாண்டாவின் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போன கட்சி அது. எம்கேவும் வங்கி, சுரங்கம், நிலம் என்று ஏறக்குறைய அதே பாட்டைத்தான் பாடுகிறது. ஆனால் சமூக விஷயங்களில் நேர் எதிரே, கீழே: மரபுத் தலைவர்களுக்கு அதிகாரம், மரண தண்டனைக்கு மக்கள் வாக்கெடுப்பு, ஓரினத் திருமணத்துக்கு எதிரான ஜூமாவின் பேச்சு. பொருளாதாரத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இந்த இரண்டும் குடும்ப விஷயத்தில் ஒரே வீட்டில் இருக்க முடியாதவை.

டிஏ வலது பக்கம், மேல் பாதி. ஏசிடிபி பொருளாதாரத்தில் டிஏவுக்கு அருகில், சமூகத்தில் அடிமட்டத்தில். 1996-ல் அரசியல் சட்டத்தையே எதிர்த்து ஓட்டுப் போட்ட கிறிஸ்தவக் கட்சி அது. பிஏ கீழ்ப்பக்கம். ஐஎஃப்பி சந்தையை ஏற்றுக்கொண்டு மரபைத் தூக்கிப் பிடிக்கும். ஏஎன்சி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளேயே தொழிற்சங்கக்காரர்கள் இடப்பக்கமும் நிதி அமைச்சகத்துக்காரர்கள் வலப்பக்கமும் இழுப்பார்கள்.

மூன்றாவதாக ஒன்றை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்: அரசியல் சட்டம் பெரிதா, நாடாளுமன்றம் பெரிதா? எம்கே நாடாளுமன்றமே பெரிது என்கிறது; நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் போக வேண்டும் என்பது அதன் பொருள். நம்மைப் போல எண்ணிக்கையில் குறைந்த சமூகங்களுக்கு இது மற்ற இரண்டு கோட்டையும்விட முக்கியம் என்பது என் கருத்து. தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது மொழிகளை மதித்து வளர்க்க வேண்டும் என்று எழுதியிருப்பதும் இந்த அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில்தான்.

படி 4: அறிக்கையைப் படியுங்கள், ஆனால் நாடாளுமன்றத்தில் போட்ட ஓட்டுகளை நம்புங்கள்

தேர்தல் அறிக்கையில் எல்லாக் கட்சியும் எல்லோருக்கும் வேலை தரும். நாடாளுமன்றத்தில் கை தூக்கும்போதுதான் உண்மை நிலை தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது.

2021 டிசம்பரில் நட்ட ஈடு இல்லாமல் நிலம் எடுக்க வழிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 204, எதிர்ப்பு 145. தேவை 267 என்பதால் தோற்றது. எதிர்த்தவர்களில் டிஏவும் உண்டு, இஎஃப்எஃப்பும் உண்டு. சொத்துரிமை போய்விடும் என்று டிஏ எதிர்த்தது. நிலம் முழுவதையும் அரசின் பொறுப்புக்குக் கொண்டுவராத அரைகுறைத் திருத்தம் என்று இஎஃப்எஃப் எதிர்த்தது. 2023 ஜூனில் தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதா 205-க்கு 125 என்று நிறைவேறியபோதும் இதே கூத்து. டிஏ, தனியார் மருத்துவம் அழியும் என்றது; இஎஃப்எஃப், தனியார்தான் கொழுப்பார்கள் என்றது. இருவர் ஓட்டும் ‘இல்லை’.

அதனால் ஓட்டோடு நிற்காமல் அன்றைய பேச்சையும் பாருங்கள். நாடாளுமன்றத்தின் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. குழுக் கூட்டங்களுக்கு பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் என்ற அமைப்பின் தளம் உதவும். எந்த உறுப்பினர் என்ன சொன்னார் என்று தேடலாம். தமிழில் கிடைக்காது, எளிய ஆங்கிலம் போதும்.

ஆட்சியில் பங்கு வகிக்கும் கட்சியின் நிலையைப் பிடிப்பது இன்னும் சிரமம். பள்ளிகளின் மொழிக் கொள்கையிலும் சேர்க்கையிலும் கடைசி வார்த்தையை மாகாண அதிகாரிக்குக் கொடுக்கும் பெலா சட்டத்தை டிஏ எதிர்த்தது. 2024 செப்டம்பர் 13 அன்று அதிபர் அதில் கையெழுத்திட்டபோது, கல்வி அமைச்சராக இருந்த டிஏவின் சிவிவே க்வாருபே அந்த நிகழ்ச்சிக்கே போகவில்லை. ஆனால் அதை அமல்படுத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான் இரண்டு கட்டத்திலும் எழுதுவேன்: கட்சி எதிர்த்தது, அமைச்சர் செயல்படுத்தினார்.

படி 5: பையில் கை வைக்கும் விஷயங்கள்

வரியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் மளிகைக் கடை ரசீதிலேயே அது இருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பழுப்பு ரொட்டிக்கும் வாட் பூஜ்யம். அதே ரசீதில் மசாலாத் தூளுக்கும் கோழிக்கும் 15 சதவீதம். 2018 ஏப்ரல் வரை அது 14.

2025 பிப்ரவரி 19 அன்று வர வேண்டிய பட்ஜெட், வாட்டை இரண்டு புள்ளி ஏற்றும் திட்டத்தால் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. மார்ச்சில் இந்த வருடம் அரைப் புள்ளி, அடுத்த வருடம் அரைப் புள்ளி என்று மாற்றி வந்தார்கள். ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் 194-க்கு 182. அரசாங்கத்திலேயே இருந்த டிஏ எதிர்த்து ஓட்டுப் போட்டது. அரசாங்கத்தில் இல்லாத ஆக்‌ஷன்எஸ்ஏ ஆதரித்தது. ஐஎஃப்பியும் பிஏவும் ஆதரித்தன. டிஏ, எம்கே, இஎஃப்எஃப் மூன்றும் ஒரே பக்கம் நின்ற அபூர்வக் காட்சி. வழக்கும் வந்தது, ஏப்ரல் 24 அன்று உயர்வு வாபஸ். பிறகு ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 16 சென்ட் வரி ஏறியது. ஒரு வாசலில் போன பணம் இன்னொரு வாசலில் திரும்பி வந்தது.

இதிலிருந்து எழுத வேண்டியது: வாட் ஏறுவதை யார் எதிர்த்தார்கள் என்பது மட்டுமில்லை, அந்தப் பணத்துக்குப் பதில் எங்கிருந்து எடுக்கச் சொன்னார்கள் என்பதும். இஎஃப்எஃப் பணக்காரர் மீதும் கம்பெனிகள் மீதும் வரி என்கிறது. டிஏ செலவைக் குறை, வளர்ச்சியைக் கூட்டு, எலும்புள்ள கோழி மாதிரி சில பொருள்களை வாட் இல்லாப் பட்டியலில் சேர் என்கிறது. ஏஎன்சி, வேலையில்லாதவர்களுக்கு மாதம் தரும் 370 ரேண்ட் உதவித்தொகையும் மருத்துவமனைச் செலவும் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்கிறது. மூன்றுமே நியாயமான பதில் எதிர்பார்க்கும் கேள்விகள்.

அடுத்து வேலையும் ஒதுக்கீடும். நம் வீடுகளில் அதிகம் சூடாகப் பேசப்படுவது இது, அதிகம் தப்பாகப் பேசப்படுவதும் இதுதான். சட்டப்படி ‘கறுப்பினத்தவர்’ என்ற வகைக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் வருகிறார்கள். ஆகவே கறுப்பினத்தவரின் பொருளாதாரப் பங்கைக் கூட்டும் 2003-ன் பிஇஇ சட்டத்தில் சாட்ஸ்வர்த் நாயுடுவின் கம்பெனியும் பயனாளி. ஆனால் அந்தச் சட்டம், பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருப்பவரையும், 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவரையோ அதற்குத் தகுதியிருந்தவரையோதான் கணக்கில் எடுக்கும். 2010-ல் குடியுரிமை வாங்கிய சென்னை எஞ்சினியர் அதில் வரமாட்டார். இருவரும் ஒரே கோயிலில் காவடி எடுப்பார்கள், பிஇஇ கணக்கில் மட்டும் வேறுவேறு.

கம்பெனிகளில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலைச் சமத்துவச் சட்டம் வேறு. 2025 ஜனவரி 1 முதல் அதன் திருத்தம் அமலுக்கு வந்து, ஏப்ரலில் 18 துறைகளுக்கு ஐந்தாண்டு இலக்குகள் வெளியாயின. ஐம்பதுக்குக் குறைவான ஆள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இந்தச் சுமை போய்விட்டது. சின்ன கடை, பட்டறை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்காமலே புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனியில் மேலாளர் பதவிக்குக் காத்திருக்கும் இந்தியருக்கோ, மக்கள்தொகை விகிதத்தை வைத்து இலக்கு போட்டால் தன் இடம் சுருங்கும் என்ற கவலை. அந்தக் கவலைக்கு ஆதாரமில்லை என்று சொல்ல மாட்டேன். நிறவெறி ஆட்சியில் படிப்பும் பதவியும் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கரின் கணக்கு நம்முடையதைவிடப் பெரிது என்பதையும் மறைக்க மாட்டேன்.

கட்சிகள் எங்கே? ஏஎன்சி இரண்டு சட்டத்தையும் காக்கிறது. டிஏ வேலைச் சமத்துவத் திருத்தத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. பிஇஇயை எடுத்துவிட்டு நிறத்துக்குப் பதில் வறுமையை அளவாக வைக்கும் மசோதாவை 2025 அக்டோபரில் முன்வைத்தது. எஃப்எஃப் பிளஸ் அடியோடு எடுக்கச் சொல்கிறது. இஎஃப்எஃப்பின் குறை நேர் எதிர்: பிஇஇ சில பேரை மட்டும் பணக்காரராக்கியது, சொத்தே கை மாற வேண்டும் என்பது.

நிலம். இதில் நம் ஆட்கள் பலர் தங்கள் சொந்தக் கதையையே மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டு, தகரக் கொட்டகையிலிருந்து கல்வீடு வரை ஏறிய குடும்பங்களை, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ன் குழுப் பகுதிச் சட்டம் தூக்கி சாட்ஸ்வர்த்தில் போட்டது. அப்படிப் பறிபோன நிலமும் திருப்பிக் கேட்கும் உரிமைக்குள் வரும். 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனச் சட்டங்களால் பறிக்கப்பட்ட எந்த நிலமும் வரும். மனுவுக்குக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31 என்று இருந்தது. 2014-ல் திரும்பத் திறந்தார்கள், 2016-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆக, நிலச் சீர்திருத்தம் என்றாலே ‘நம்மிடமிருந்து எடுப்பார்கள்’ என்று மட்டும் நினைக்காமல், ‘நம்மிடமிருந்து எடுத்ததும் இதில்தான் இருக்கிறது’ என்றும் பாருங்கள்.

2025 ஜனவரியில் கையெழுத்தான கையகப்படுத்தல் சட்டம், பொது நலனுக்காக எடுக்கும் நிலத்துக்குச் சில நிலைமைகளில் நட்ட ஈடு பூஜ்யமாகவும் இருக்கலாம் என்கிறது: கைவிட்ட நிலம், பயன்படுத்தாமல் விலை ஏறட்டும் என்று வைத்திருக்கும் நிலம் போன்றவை. குடியிருக்கும் வீட்டைப் பிடுங்கும் சட்டம் என்று பரவும் குரல் செய்திகளுக்கு இதில் இடமில்லை. டிஏ இதையும் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. இஎஃப்எஃப் எல்லா நிலத்துக்கும் அரசே பாதுகாவலர் என்கிறது. எம்கே, நிலத்தை அரசிடமும் மரபுத் தலைவர்களிடமும் ஒப்படைக்கச் சொல்கிறது. டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் தவணை கட்டி முடித்து வீட்டுப் பத்திரம் வாங்கியவர் அதில் தன் பத்திரம் என்ன ஆகும் என்று அவர்களிடம் நேராகக் கேட்க வேண்டும். டிஏவிடம், பறிபோன நிலத்தைத் திருப்பித் தருவதை எப்படி வேகப்படுத்துவீர்கள் என்று கேட்க வேண்டும். ஐஎஃப்பிக்குத் தனியார் சொத்தும் வேண்டும், சூலு மன்னர் அறங்காவலராக இருக்கும் இங்கோன்யாமா அறக்கட்டளை நிலமும் அப்படியே இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு பற்றிச் சுருக்கமாக: 2024 மே 15 அன்று கையெழுத்தான சட்டம் முழுதாக அமலானால், அரசுத் திட்டம் தரும் சிகிச்சைகளுக்குத் தனியார் மெடிக்கல் எய்ட் பணம் கொடுக்க முடியாது. சம்பளத்தில் பெரிய தொகையை அதற்குக் கட்டுகிறவர்களுக்கும், அரசு மருத்துவமனை வரிசையில் விடியற்காலையில் போய் உட்கார்கிறவர்களுக்கும் ஒரே பதில் இனிக்காது.

துறைமுகத்தை விட்டுவிடாதீர்கள். டர்பனின் பெரிய கன்டெய்னர் முனையத்தில் பிலிப்பைன்ஸ் கம்பெனி ஒன்றைப் பங்காளியாகச் சேர்க்க ஏஎன்சி ஆட்சியில், துறைமுகங்களை நடத்தும் அரசுக் கம்பெனியான டிரான்ஸ்நெட்டே முடிவு செய்தது. பேச்சில் அரசுடைமை, செயலில் தனியார் கூட்டு; ஏஎன்சியை நோட்டில் நடுவில் வைக்கச் சொன்னதற்கு இதுவே சாட்சி. டிஏவுக்கு இது போதாது, எம்கேவுக்கும் இஎஃப்எஃப்புக்கும் இது துரோகம்.

படி 6: வீட்டுக்குள் வரும் விஷயங்கள்

கருக்கலைப்பு 1996 சட்டப்படி அனுமதி. மரண தண்டனை 1995-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்தால் ஒழிந்தது. ஓரினத் திருமணம் 2006-ல் 230-க்கு 41 என்று நிறைவேறியது. ஏஎன்சி தன் உறுப்பினர்களுக்குக் கட்டளையிட்டது, டிஏ அவரவர் மனசாட்சிக்கு விட்டது, ஏசிடிபி எதிர்த்தது.

மரண தண்டனை திரும்ப வேண்டும் என்று பிஏ, ஐஎஃப்பி, ஏசிடிபி பேசுகின்றன. கொள்ளைக்காரன் வீட்டுக்குள் புகுந்த தெருவில் அந்தப் பேச்சுக்குக் கைதட்டல் நிச்சயம். ஆனால் உயிர்வாழும் உரிமையையே திருத்த வேண்டும். படி 2-ல் எழுதிய 267-ஐப் பாருங்கள். அதைவிடப் போலீஸ் யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் வராமல் தெருக்கள் தாங்களே தடுப்பு வைத்ததும், ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டதும் இரு சமூகத்துக்கும் இன்னும் ஆறாத புண். டிஏ போலீஸ் அதிகாரத்தை மாகாணத்துக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது, ஏஎன்சி மத்தியிலேயே வைத்திருக்கிறது.

குடியேற்றத்தில் பிஏவும் ஆக்‌ஷன்எஸ்ஏவும் கடுமை. ஆப்பிரிக்கர்களுக்கு எல்லை எதற்கு என்று நெடுநாள் பேசிய கட்சி இஎஃப்எஃப். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நேரடியாகப் பட்டது, டிஏவின் லியோன் ஷ்ரைபர் உள்துறை அமைச்சரான பின் வந்த மாற்றங்கள்: 2024 அக்டோபரில் வேலை விசாவுக்குப் புள்ளி முறை, 2025-ல் இந்திய, சீனச் சுற்றுலாக் குழுக்களுக்குத் தனி ஏற்பாடு.

பாலஸ்தீனம் பற்றி: ஏஎன்சி அரசு 2023 டிசம்பரில் இஸ்ரேல் மீது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இஎஃப்எஃப்பும் முஸ்லிம் கட்சியான அல் ஜமாஅவும் ஆதரவு, பிஏவும் ஏசிடிபியும் இஸ்ரேல் பக்கம்.

படி 7: பேச்சையும் பணத்தையும் தனிப் பத்தியில் எழுதுங்கள்

இந்தியர்களில் பெரும்பாலோர் இனவெறியர்கள் என்று 2018-ல் மலேமா பேசியது நம் குழுக்களில் அடிக்கடி திரும்ப வரும். தலைவரின் பேச்சும் ஒரு சான்றுதான், தள்ளிவிட வேண்டாம். ஆனால் அதை கொள்கைக் கட்டத்தில் எழுதினால் கணக்கு கெட்டுவிடும். தேதியோடு, முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு, தனிப் பத்தியில் எழுதுங்கள். எல்லாக் கட்சித் தலைவருக்கும் அப்படி ஒரு பத்தி நிரம்பும்.

பணத்துக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே ஆளிடமிருந்து வருடத்துக்கு 1 லட்சம் ரேண்டுக்கு மேல் வாங்கினால் வெளியே சொல்ல வேண்டும் என்று தொடங்கி, 2025-ல் அந்த வரம்பை இரட்டிப்பாக்கினார்கள். தேர்தல் ஆணையம் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடுகிறது. ஏஎன்சிக்கு பாதோ பாதோ டிரஸ்ட்டும், டிஏவுக்கும் ஆக்‌ஷன்எஸ்ஏவுக்கும் ஓப்பன்ஹைமர் குடும்பத்தாரும் கொடுத்தது அதில் இருக்கிறது.

படி 8: வேட்பாளரிடம் கேளுங்கள்

தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் கட்சிக்காரர்கள் வருவார்கள். மாலை போட்டுக்கொண்டு, வணக்கம் என்று ஒரு சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை. சாமி கும்பிட்ட கையோடு ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

கேள்வி சிறியதாக, ஆமாம் இல்லை என்று பதில் வருவதாக இருக்கட்டும். ‘தண்ணீர் பிரச்சினையை எப்படித் தீர்ப்பீர்கள்?’ என்றால் அரை மணி நேரம் பேசுவார். ‘கசியும் குழாய்களை மாற்ற வரும் பட்ஜெட்டில் தனியாகத் தொகை கேட்டு உங்கள் கட்சி ஓட்டுப் போடுமா?’ என்றால் நிறுத்தி யோசிப்பார். பள்ளி விஷயத்தில், ‘இந்த மாகாணத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர் பதவிகளை அரசே நிரப்ப வேண்டும் என்று உங்கள் கட்சி எப்போதாவது மாகாணச் சபையில் கேட்டதுண்டா?’ என்று கேளுங்கள். வயதான மாமா, அத்தைகள் முன்னால் கேட்டால் இன்னும் நல்லது; அவர்கள் பதிலை மறக்க மாட்டார்கள். பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி, அதே கேள்வியை இன்னொரு கட்சிக்காரரிடமும் அதே சொற்களில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தேர்தல் தேதி அரசிதழில் அறிவிக்கப்பட்ட நாளோடு வாக்காளர் பட்டியல் மூடிவிடும். அதற்குப் பிறகு பெயர் சேர்க்கவோ வார்டு மாற்றவோ முடியாது. சாட்ஸ்வர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு வீடு மாறியவர்கள், படிக்கப்போய்த் திரும்பிய பிள்ளைகள், பச்சை அடையாளப் புத்தகத்தை எங்கோ தொலைத்துவிட்ட பெரியவர்கள் எல்லோரும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அடையாள எண்ணைப் போட்டு எந்த வாக்குச் சாவடி என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.